டிக்கோயாவில் ஒரு குப்பி வகுப்பு

என் வாழ்நாளில் நான் எழுதிய புத்தகம் ஒன்றே ஒன்று. இருபத்தெட்டுப் பக்கம். பெயர், ‘விடுதி மாணவியருக்கான நடைமுறைக் கையேடு’. அதில் நாற்பத்திரண்டு விதிகள் இருக்கின்றன. ஈரத் துணியை வராந்தாவில் காயப்போடக் கூடாது என்பது முதல் விதி. மூத்த மாணவிகள் யாராவது ஆடு, பாடு என்று தொந்தரவு செய்தால் உடனே காப்பாளரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது கடைசி விதி. திருச்சியில் ஒரு மகளிர் கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டு, கூடவே விடுதிக்குத் துணைக் காப்பாளராகவும் பதினாறு வருடம் குப்பை கொட்டியதற்கு எனக்கு மிஞ்சியது இந்தப் புத்தகம்தான்.

இதன் அறுபது பிரதிகளைத் தூக்கிக்கொண்டு இலங்கைக்குப் போனேன். மலையகப் பிள்ளைகளுக்காக எங்கள் கல்லூரியில் சில இலவச இடங்களை ஒதுக்கியிருக்கிறார்கள். “போய்ப் பிள்ளைங்களப் பாருங்க மேடம், பெத்தவங்ககிட்டப் பேசுங்க. ஒரு மூணு பேரையாவது கூட்டிட்டு வந்துடுங்க. உங்களுக்குப் பேச்சுக்கா பஞ்சம்?” என்றார் முதல்வர். பஞ்சமில்லை. வினையே அங்கேதான்.

சனிக்கிழமை. கொழும்பிலிருந்து ஹட்டன் போகிற ரயில் வட்டவளையில் நின்றது. நின்றது என்றால் நின்றே போனது. மழையென்றால் அப்படியொரு மழை. எங்கள் ஊரில் ஒரு ஐப்பசி முழுக்கப் பெய்கிறதை இங்கே ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடுகிறார்கள். நம் ஊரில் ரயில் பத்து நிமிடம் நின்றால் பெட்டிக்கு நாலு பேர் அரசியல்வாதி ஆகிவிடுவார்கள். இங்கே ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. சாவகாசமாக இறங்கி, நடைமேடை ஓரத்தில் பருப்பு வடையும் காய்ந்த மிளகாயும் வாங்கித் தின்ன ஆரம்பித்தார்கள். ரயில்வே ஊழியர் ஒருவர் குடையோடு வந்து சிங்களத்தில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். எல்லோரும் சிரித்தார்கள்.

“என்னம்மா சொல்றார்?” என்று எதிர் இருக்கைப் பெண்ணைக் கேட்டேன்.

“லைன்ல மரம் விழுந்திருச்சாம் மிஸ். மரம் வெட்ற ஆளு வந்துட்டாராம். ஆனா அவரு டீ குடிக்கப் போயிருக்காராம்.”

அந்தப் பெண்தான் அனுஷா. வட்டவளைக்காரி. இருபத்திரண்டு வயது இருக்கும். ஒரு பல்கலைக்கழகத்தில் பௌதிகம் இரண்டாம் வருடம் படிக்கிறாள். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். எந்தப் பல்கலைக்கழகம் என்று நான் சொல்லப்போவதில்லை. இங்கே யாரும் பல்கலைக்கழகம் என்று வாயை வலிக்கச் சொல்வதுமில்லை. ‘கெம்பஸ்’ என்றுதான் சொல்கிறார்கள்.

நான் கெம்பஸ் கதை கேட்டேன். வாய் ஓயாமல் சொன்னாள். அங்கே ஒவ்வொரு புதுப் பிள்ளைக்கும் மூத்தவர்கள் ஒரு பட்டப்பெயர் வைப்பார்களாம். அதற்குப் பெயர் ‘கார்ட்’. அந்தப் பெயர்தான் நாலு வருடமும் நிலைக்குமாம். “என் கார்ட் கேத்தல், மிஸ். மொத நாளு பயத்துல எனக்கு மூச்சு வாங்குச்சா, டீக் கேத்தல் கொதிக்கிற மாதிரி இருக்குன்னு வச்சிட்டாங்க. என் பேட்ச்ல பாதிப் பேருக்கு என் நெசப் பேரே தெரியாது.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. மாங்காய் அச்சாறு ஒரு பை வாங்கி எனக்குப் பாதி கொடுத்தாள். காரம் உச்சிக்கு ஏறி, நானே கொதிக்கிற கேத்தல் ஆனேன்.

மரம் வெட்டுகிறவர் டீ குடித்து முடிக்கிற வழியாய்த் தெரியவில்லை. அனுஷா என் புத்தகப் பையைத் தன் தலையில் வைத்துக்கொண்டு மழையில் இறங்கி, என்னை ஹட்டன் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். நடத்துநர் சிங்களத்தில் கத்திக்கொண்டே இருந்தார். ‘முன்னால போங்க, முன்னால போங்க, இடம் இருக்கு’ என்று அர்த்தமாம். முன்னால் இருந்தது ஓட்டுநரின் மடி மட்டும்தான். ஆனால் பாருங்கள், எல்லா நாட்டு நடத்துநர்களும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

ஹட்டனில் எனக்கு இடம் கொடுத்தவர் ஸ்டெல்லா டீச்சர். அங்கே ஒரு பள்ளியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறார். ரெட்டை நாடி, கணீர்க் குரல். பிள்ளைகளை எனக்காகக் கூட்டிவைத்தவரும் அவரே. போனவுடன் தேங்காய் ரொட்டியும், கட்டச் சம்பல் என்கிற மிளகாய்த் துவையலும் வந்தன. கூடவே பிளேன்டீ, பாலில்லாத தேநீர். சீனியை டீயில் போடவில்லை. என் உள்ளங்கையில் கொட்டினார். நக்கிக்கொண்டு குடிக்க வேண்டுமாம். ஐம்பத்திரண்டு வயதில் உள்ளங்கையை நக்கிக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் கூட்டம். முப்பது பிள்ளைகள், பத்துப் பன்னிரண்டு பெற்றோர். எனக்கு முன்னால் ஒரு நிகழ்ச்சி இருந்தது. “மொதல்ல குப்பி. அப்புறம் நீங்க,” என்றார் ஸ்டெல்லா டீச்சர். குப்பி என்றதும் ஏதோ விஷச் சமாச்சாரமோ என்று பயந்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். அந்தக் காலத்தில் மின்சாரம் இல்லாத அறைகளில், மூத்த மாணவர் குப்பி விளக்கை ஏற்றிவைத்து, பரீட்சைக்கு முன்னால் இளையவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பாராம். இப்போது விளக்கு போய் வெள்ளைப் பலகை வந்துவிட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. விரிவுரையில் புரியாததெல்லாம் குப்பியில்தான் புரியும், குப்பி இல்லாமல் கெம்பஸில் கரையேறியவன் கிடையாது என்றார். கட்டணம் கிடையாது. தனக்கு ஒருவர் சொல்லிக்கொடுத்ததை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

குப்பி எடுக்க எழுந்து வந்தவள் யாரென்று பார்த்தால், அனுஷா! என்னைப் பார்த்துக் கையசைத்தாள். அன்று பாடம் எதுவும் இல்லை. புதிதாகப் போகப்போகிறவர்களுக்குக் கெம்பஸ் தகவல்கள். என்னென்ன கொண்டுபோக வேண்டும், ஹொஸ்டலில் அறை எப்படிக் கிடைக்கும், உதவித்தொகைப் படிவத்தில் கிராம சேவகர் எங்கே கையெழுத்துப் போட வேண்டும், சிங்களப் பிள்ளைகளோடு அறையில் எப்படி ஒத்துப்போவது... என் கையேட்டைவிட நன்றாக இருந்தது. சொன்னால் என்ன, பொறாமையாகவே இருந்தது.

பிறகு அவள் மாணவர் மரபுகளுக்கு வந்தாள்.

“மொத மூணு மாசம் ரேக் பீரியட். தோள்ல பேக் போடக் கூடாது, ஃபைல கையிலதான் வச்சிருக்கணும். பொம்பளப் புள்ளைங்க நீளப் பாவாடை. சீனியர் வந்தா நின்னு பேர் சொல்லணும். கென்டீன்ல அவங்க உக்காந்தப்புறம்தான் நம்ம உக்காரணும். திட்டுவாங்க, கத்துவாங்க, தண்ணி ஊத்துவாங்க. ஒண்ணும் பேசாதீங்க. மூணு மாசத்துல முடிஞ்சிரும். முடியாதுன்னு எதுத்து நின்னீங்கன்னா ஒங்கள ‘அல’ன்னு சொல்லிருவாங்க.”

‘அல’ என்றால் சிங்களத்தில் கிழங்காம். ஒதுக்கிவைக்கப்பட்டவர்களுக்கு அந்தப் பெயர்.

எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது. எங்கள் கல்லூரியில் இந்த மாதிரி ராகிங்குக்கெல்லாம் போலீஸ் வரும். சுவருக்குச் சுவர் எச்சரிக்கை ஒட்டியிருக்கிறோம். என் முறை வரட்டும் என்றுகூடப் பொறுக்கவில்லை. எழுந்தேன், ஆரம்பித்தேன். “நிறுத்தும்மா! இதைச் சொல்லிக்குடுக்க உனக்கு வெக்கமா இல்ல? தண்ணி ஊத்துவாங்களாம், பேசாம நிக்கணுமாம். நீயெல்லாம் படிச்ச பொண்ணா? இது பல்கலைக்கழகமா, ஜெயிலா? என் பொண்ணா இருந்தா அந்த வாசல்ல கால் வைக்க விட மாட்டேன்!” இன்னும் நிறையப் பேசினேன். நல்லவேளை, பாதி எனக்கே நினைவில்லை. அனுஷா பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு, தன் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

பின் வரிசையில் ஒரு மனிதர் எழுந்தார். ஒல்லியான ஆள், கம்பளிக் குல்லாவைக் கையில் பிடித்திருந்தார். டிக்கோயாப் பக்கத் தோட்டமொன்றில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர், பெயர் செல்லமுத்து. பக்கத்தில் அவருடைய மகள் தர்ஷினி.

“நீங்க சொல்றதுதாங்க டீச்சர் சரி. அது ஜெயிலுதான். எம் புள்ளைய அங்க அனுப்பப் போறதில்ல. ஒங்க காலேஜுன்னா அனுப்புறேன், இல்லாட்டி வீட்லயே இருக்கட்டும்.”

ஒரு இடம் நிரம்பியது என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். உள்ளதைச் சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. தர்ஷினி தலை நிமிரவேயில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டெல்லா டீச்சர் ரொட்டி போடவில்லை. என் எதிரே உட்கார்ந்தார்.

“மிஸ், கோவிச்சிக்காதீங்க. தர்ஷினிக்கு அனுஷா படிக்கிற கெம்பஸே கெடச்சிருக்கு. அந்தத் தோட்டத்துல இருந்து விஞ்ஞானத்துக்குப் போற மொதப் பொம்பளப் புள்ள. புதன்கெழம நாலு மணிக்குள்ள இன்டர்நெட்ல பதியணும். பதியலேன்னா இடம் போயிரும். அவ அண்ணன் அதே கெம்பஸுக்குப் போயி, ரேக்கிங்ல ஆறே வாரத்துல திரும்பி வந்துட்டான். அதனால செல்லமுத்து மாட்டேன் மாட்டேன்னு நின்னாரு. நான் ஆறு மாசமாப் பேசி, போன வாரம்தான் ‘சரி, அங்க படிக்கிற புள்ள பேசட்டும், கேப்போம்’னாரு. அதுக்குத்தான் அனுஷாவ வரச் சொன்னேன். அவ இன்னும் பேசி முடிக்கல. நீங்க எந்திரிச்சிட்டீங்க.”

நுணலும் தன் வாயால் கெடும். இங்கே நுணல் கெடவில்லை. ஊரான் வீட்டுப் பிள்ளை கெடப்போகிறாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை டிக்கோயா பஸ்ஸில் ஏறினேன். இறங்கியதும் மேட்டில் நடக்க வேண்டும். நடந்தால் என்னவோ அரை மணி நேரம்தான். ஆனால் திருச்சி மலைக்கோட்டையில் ஏறுகிற மாதிரி அரை மணி நேரம். வரிசை வீடுகள், லயம் என்கிறார்கள், ஒரே கூரையின் கீழ் பத்துக் குடும்பம். செல்லமுத்து வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவி கொழுந்து எடுத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். சோறு, பருப்பு, கருவாட்டுக் குழம்பு. எங்கள் ஊர்க் குழம்பேதான். தேங்காய்ப் பால் மட்டும் கூடுதல். பேசிக்கொண்டே கட்டிலுக்கடியில் காட்டினார். புது வாளி ஒன்று, மூடிபோட்டது. “கெம்பஸுக்குன்னு வாங்கி வச்சிட்டேங்க. அவருக்குத் தெரியாது,” என்றார்.

தர்ஷினியிடம் எங்கள் கல்லூரியைப் பற்றிச் சொன்னேன். பாதுகாப்பு, ஆய்வகம், வெள்ளிக்கிழமை பொங்கல் உட்பட எதையும் விடவில்லை. அவள் முழுக்கக் கேட்டாள்.

“நல்ல காலேஜாத்தான் இருக்கும் மிஸ். ஆனா அது நீங்க குடுக்குற சீட்டு. கெம்பஸ் நான் எடுத்த சீட்டு.”

எனக்கு முகத்தில் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண்ணிடமிருந்து இப்படிப் பேச்சு வாங்கி ரொம்ப நாளாகிறது. “அங்க உன்னைத் தொந்தரவு பண்ணினா?” என்றேன்.

“நான் பேசாம நிக்க மாட்டேன் மிஸ். தண்ணி ஊத்தினா கேப்பேன். அதான் அப்பாவுக்குப் பயம். அண்ணனும் அப்படித்தான் கேட்டுச்சு. அண்ணனையே கேளுங்க, ஹட்டன்லதான் இருக்கு.”

அண்ணன் ராஜ்குமார் ஹட்டன் கடைவீதியில் ஒரு கைத்தொலைபேசி பழுதுபார்க்கும் கடையில் இருந்தான். கண்ணில் பூதக்கண்ணாடி, கையில் பற்றவைக்கிற கம்பி. நான் யாரென்று சொன்னேன். வேலையை நிறுத்தவில்லை. ரொம்ப அடித்தார்களா என்று கேட்டேன்.

“அடிக்கலயே. அடிச்சிருந்தா இருந்திருப்பேன் மிஸ்.”

“பின்னே?”

“மொத வாரம் தண்ணி ஊத்துனாங்க. ஏன் ஊத்துறீங்கன்னேன். அன்னையில இருந்து நான் அல. அப்புறம் யாரும் ஒண்ணும் செய்யல. பேசல, அவ்வளவுதான். சீனியர் பேசல, பேட்ச்சும் பேசல. ஏன்னா அலயோட பேசுனா பேசுறவனும் அல. கென்டீன்ல நான் உக்காந்தா மேசையே காலியாயிரும். லெக்சர் முழுக்க இங்கிலீஷ், எனக்குப் பாதி வெளங்காது. வெளங்காதத குப்பியிலதான் கேக்கணும். குப்பிக்குப் போனா போர்டை அழிச்சிட்டுப் போயிருவாங்க.” கம்பியிலிருந்து மெல்லிய புகை வந்தது. “ஆறு கெழம, மிஸ். அம்மா கோயில் மேட்டுக்கு ஏறிப் போன் பண்ணாப் பேசறதத் தவிர வாயே தொறக்கல.”

நிர்வாகத்தில் சொன்னாயா என்று கேட்டேன். என் நாற்பத்திரண்டாம் விதி அல்லவா?

“சொன்னேனே. நல்ல மனுசங்கதான். ‘யாரு அடிச்சா, பேரச் சொல்லு’ன்னாங்க. யாரும் அடிக்கலயே? ரேக்கிங்குக்குச் சட்டம் இருக்கு. பேசாம இருக்கறதுக்குச் சட்டம் இருக்கா?”

அந்தக் கடைவாசலிலேயே என் கையேடு செத்துப்போனது. நானே எழுதியது, எனக்கே அழுகை வந்தது.

செவ்வாய்க்கிழமை ஸ்டெல்லா டீச்சர் என்னை நுவரெலியாவுக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. ஏரி, குதிரை, பூந்தோட்டம். மலையகம் போய்விட்டு நுவரெலியாவைப் பார்க்காமல் திரும்பிய ஒரே இந்தியப் பிரஜை நானாகத்தான் இருப்பேன். வட்டவளைக்குப் பஸ் ஏறினேன். வழியில் பசித்து ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தேன். நான் எதுவும் கேட்காமலேயே தட்டு நிறைய ரோல்ஸ், வடை, பனிஸ் என்கிற பன் எல்லாம் கொண்டுவந்து வைத்தார்கள். எவ்வளவு உபசாரம், மிச்சம் வைத்தால் மரியாதையாகாதே என்று கஷ்டப்பட்டு அத்தனையும் தின்று முடித்தேன். வேண்டியதை மட்டும் எடுத்துச் சாப்பிட வேண்டுமாம், மீதித் தட்டு அடுத்த மேசைக்குப் போகுமாம். கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் பயமும் இருந்தது, பக்தியும் இருந்தது.

வயிறு வெடிக்க அனுஷா வீட்டு வாசலில் போய் நின்றேன். முன்னறையில் அவள் அம்மா தையல் இயந்திரத்தில் இருந்தார். அனுஷா “வாங்க மிஸ்” என்றாள். பிளேன்டீயும் வந்தது. ஆனால் அவள் உட்காரவில்லை, என் எதிரே நின்றுகொண்டே இருந்தாள்.

“அனுஷா, ஞாயித்துக்கிழமை நான் பேசினது தப்பு. எல்லார் முன்னாடியும் உன்ன அவமானப்படுத்திட்டேன். உங்க அம்மா முன்னாடி சொல்றேன், என்னை மன்னிச்சுக்க.”

தையல் இயந்திரம் நின்றது. அனுஷாவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

“எனக்கு மட்டும் அது புடிக்குமா மிஸ்? என் மேல மூணு வாளி ஊத்துனாங்க. காய்ச்சல்ல கெடந்தேன். நான் சொல்லிக்குடுத்தது மழைக்குக் கொட. மழை நல்லதுன்னு நான் சொல்லவே இல்லயே.”

“தெரியுது. தர்ஷினி குடை பிடிக்க மாட்டேங்கறா. அவ எதுத்துக் கேட்டு, ‘அல’ ஆனா, அவளுக்குக் குப்பி யார் எடுப்பா?”

“யாரும் எடுக்க மாட்டாங்க.”

“நீ?”

அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். “எடுத்தா நானும் அல. இன்னும் ரெண்டு வருசம் இருக்கு எனக்கு. நானும் குப்பியிலதான் பாஸாவுறேன். வீட்ல வருமானம் இந்தத் தையல் மெசின்தான்.”

இதற்குமேல் அவளிடம் என்ன கேட்பது? யாரோ பெற்ற பெண்ணிடம் ‘நீயும் நெருப்பில் குதி’ என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? பதினாறு வருடத்தில் முதல் முறையாக, பேசாமல் எழுந்து வந்தேன். வாசல்வரை வந்து குடை கொடுத்தாள்.

புதன்கிழமை மாலை ரயிலுக்கு நான் கிளம்ப வேண்டும். மதியமே டிக்கோயா மேட்டில் ஏறினேன். செல்லமுத்துவின் காலில் விழுந்தாவது பார்ப்பது என்று முடிவு. ஒன்றரை மணி. அவர் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துவிட்டு உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப யாருக்கும் தைரியமில்லை. ராஜ்குமார் கடைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, தங்கைக்காக நல்ல தொலைபேசி ஒன்றோடு வந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். அப்பா சரியென்றால் பதியலாம். தர்ஷினி சுவரில் சாய்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு மணிக்குக் கீழே பாதையில் ஒரு குடை தெரிந்தது. அனுஷா. பாவாடையெல்லாம் சேறு. மார்போடு ஒரு ஃபைலை அணைத்திருந்தாள். யாரிடமும் நலம் விசாரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள்.

“ஒக்காரு. மொத வருசக் கணக்கு. இத மொத மாசத்துலயே எல்லாரும் தவற விடுவாங்க,” என்றாள் தர்ஷினியிடம்.

அப்படியே குப்பி ஆரம்பித்தது. பலகை இல்லை, பழைய நாட்காட்டியின் பின்பக்கம். பாதி தமிழ், பாதி இங்கிலீஷ், நடுவில் சிங்களம். விறுவிறு என்று நாலு வரி எழுதினாள். கூடத்தில் பேசிய பெண்ணா இவள்? ஆசிரியையாக எனக்குத் தெரியும், இவள் அருமையாகச் சொல்லிக்கொடுக்கிறாள்.

“ஒரு நிமிசம்.”

வாசற்படியிலிருந்து ராஜ்குமார். எழுந்து உள்ளே வந்திருந்தான். “அந்த ரெண்டாவது வரியில இருந்து மூணாவது எப்படி வந்திச்சி? அன்னைக்கும் எனக்கு அதான் வெளங்கல.”

அன்றைக்கு என்றால் மூன்று வருடத்துக்கு முன்னால். அனுஷா அவனை நிமிர்ந்து பார்த்தாள். நாட்காட்டியை அவன் பக்கம் திருப்பி, நடுவில் விட்டுப்போன வரியை எழுதிக் காட்டினாள். அவன் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். “அட, இவ்வளவுதானா?” என்றான்.

உள்ளறை வாசலில் செல்லமுத்து நின்றுகொண்டிருந்தார். எப்போது எழுந்தார் என்று தெரியாது. மகனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கப்போனேன். அவர் மனைவி என் கையைப் பிடித்து அமுக்கினார். நல்ல காரியம் செய்தார்.

செல்லமுத்து அனுஷாவின் எதிரே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“இவ எதுத்து நின்னு அலயா ஆனா, அங்க வச்சி இவளோட நீ பேசுவியாம்மா?”

“பேசுவேன் மாமா.”

“பேசுனா ஒனக்கு என்னா ஆவும்?”

“என்னோடயும் யாரும் பேச மாட்டாங்க.”

“யாருமேவா?”

“யாருமே.”

அவர் மகனைத் திரும்பிப் பார்த்தார்.

“அப்ப ரெண்டு பேரு ஆச்சே,” என்றார்.

அவ்வளவு எளிமையான கணக்கு. பேராசிரியை, துணைக் காப்பாளர், நாற்பத்திரண்டு விதி எழுதியவள், எனக்கு அது தோன்றவில்லை. செல்லமுத்து தர்ஷினியின் பக்கம் திரும்பினார். “எம் மவனுக்கு அந்த ரெண்டாவது ஆளுதான் இல்லாமப் போச்சி. போ புள்ள, பதிஞ்சிட்டு வா. நேரமாவுது.”

லயத்தில் சிக்னல் கிடையாது. மாரியம்மன் கோயில் மேட்டுக்கு ஓட வேண்டும். எல்லோரும் ஓடினோம், என் வயதையும் நேற்று தின்ற ரோல்ஸையும் மறந்து நானும் ஓடினேன். ராஜ்குமார் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு வாசிக்க, தர்ஷினி சொல்லச் சொல்ல அவன் தட்டினான். பெயர், அடையாள அட்டை எண், பாடம். மூன்றரை மணிக்கு ஒரு கட்டத்தில் நிறுத்தினான்.

“அவசரத்துக்குக் கூப்பிட ஒரு ஆளு பேரு கேக்குது. அப்பா பேரப் போடவா?”

“அப்பாவுக்கு லயத்துல சிக்னல் இல்ல. ஒன் பேரப் போடு அண்ணே.”

அவன் உடனே தட்டவில்லை. சட்டை நுனியால் திரையில் விழுந்த மழைத்துளியைத் துடைத்தான். பிறகு தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அடித்தான். “சரியா இருக்கான்னு பாரு,” என்று தங்கையிடம் நீட்டினான். அவள் பார்த்துவிட்டு, அனுப்பு என்பதை அழுத்தினாள்.